ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தவருக்கு வேலை உண்டு

வணக்கம் நண்பர்களே. பாங்காக்கில் நான் தங்கியிருக்கும் விடுதி அறையிலிருந்து பேசுகிறேன். முடி ஈரமாக இருப்பதைப் பார்த்து நீச்சல் குளத்தில் இருந்து வருகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஷாம்பு போட்டு மூன்று முறை அலசிய முடி இது. மூன்று முறை அலச வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

காலையில் வாட் சாகெட் கோயிலின் தங்க மலையில் ஏறி இறங்கிய பிறகு, நகரின் நடுவிலுள்ள கடை வீதிகளுக்குப் போக வேண்டியிருந்தது. சாலையில் வாகனங்கள் அசையாமல் நின்றதைப் பார்த்து, மலையடிவாரத்துக்கு அருகிலேயே இருக்கும் பான்ஃபா படகுத்துறைக்கு நடந்தேன். அங்கிருந்துதான் சேன் சேப் கால்வாயின் பயணிகள் படகுகள் புறப்படுகின்றன. தாய்லாந்தை ஆண்ட மூன்றாம் ராமா மன்னரின் காலத்தில், வியட்நாமுடன் நடந்த போருக்காகப் படைகளையும் ஆயுதங்களையும் கிழக்கே அனுப்புவதற்கென்று 1837-இல் வெட்டத் தொடங்கி 1840-இல் முடித்த கால்வாய் அது. 1990-இலிருந்து அதில் ஓடும் இந்தப் படகுகளில், காலையும் மாலையும் அலுவலகம் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நம் ஊர் நகரப் பேருந்தைப் போலவே நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள்.

சென்னையில் 29சி பேருந்தில் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை நின்றுகொண்டே போய்ப் பழகிய எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்ற தெம்பு இருந்தது. அந்தத் தெம்பு படகு வந்து சேரும் வரைதான் நீடித்தது. படகுக்கு வாசல் கிடையாது. துறையின் ஓரத்தில் கட்டியிருக்கும் டயர்களில் படகு வந்து மோதும். பணியாளர் ஒருவர் கயிற்றை வீசி இழுத்துப் பிடிக்கும் சில நொடிகளுக்குள், விளிம்பில் கால் வைத்து, மேலே தொங்கும் கயிற்றைப் பற்றி, குனிந்து உள்ளே இறங்கிவிட வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகளோடு வந்த ஒரு பாட்டி, திண்ணையிலிருந்து முற்றத்துக்கு இறங்குவதைப் போல இறங்கிப் போனார். நான் இறங்கிய விதத்தைக் காணொளியில் சேர்க்கவில்லை. கேமரா அப்போது என் முழங்காலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

உள்ளே நான் செய்த முதல் தவறு, நம் ஊர்ப் பழக்கத்தில் ஜன்னலோரத்தைப் பிடித்ததுதான். ஓரத்து இருக்கை காலியாக இருந்ததைப் பார்த்து, இவ்வளவு பேர் வரிசையில் நின்றும் இதை விட்டுவிட்டார்களே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பக்கவாட்டில் ஒரு நீலத் தார்பாய் மார்பு உயரத்துக்கு நின்று காட்சியை மறைத்தது. அருகில் ஒரு கயிறு தெரிந்தது. அதைத் தளர்த்தியதும் பாய் சரசரவென்று கீழே இறங்கி, கால்வாயும் கரையோர வீடுகளும் கண்ணுக்குத் தெரிந்தன. பின்வரிசையில் யாரோ எதையோ சொன்னார்கள். நல்ல காரியம் செய்ததற்காகப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, திரும்பிப் பார்த்துத் தலையசைத்தேன்.

எதிர்த் திசையிலிருந்து இன்னொரு படகு வந்தது. இந்த இடத்தில் காட்சியின் இடது மூலையைக் கவனியுங்கள். இதற்குப் பிறகு கடைசி வரை அங்கே இருக்கும் பழுப்புப் புள்ளி, இந்தக் கணத்தில்தான் வந்து சேர்ந்தது. இரண்டு படகுகளின் அலைகளும் கரைச் சுவரில் மோதித் திரும்பிச் சேர்ந்தபோது, கால்வாய் நீரில் ஒரு பங்கு என் தலை வழியாக உள்ளே வந்தது. அது என்ன நிறம், என்ன மணம் என்றெல்லாம் விவரிக்க மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்கள் இருப்பீர்கள். வாயைத் திறந்து வர்ணனை செய்துகொண்டிருந்தேன் என்ற ஒரே தகவலைச் சொன்னால் போதும். என் பக்கத்தில் இருந்த பாட்டி, நனைந்த கன்னத்தை முந்தானை போன்ற ஒரு துண்டால் துடைத்துக்கொண்டு, என்னைத் திட்டாமல், என் மடிக்கு மேலாகக் கை நீட்டிக் கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றினார். பிறகு அந்தக் கயிற்றை என் கையில் கொடுத்து, விரல்களை மூடிவிட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேடிக்கை பார்ப்பதற்கான இருக்கை அல்ல அது. அலை வரும்போது பாயை ஏற்றி வரிசை முழுவதையும் காப்பாற்றுவது அங்கே உட்காருகிறவரின் உத்தியோகம்.

இதற்குள் நடத்துநர் வந்துவிட்டார். அவர் உள்ளே வருவதில்லை. ஓடும் படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வந்து, ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மறு கையால் சீட்டுக் கொடுக்கிறார். தலையில் ஹெல்மெட் அணிந்திருக்கிறார். நான் இறங்க வேண்டிய துறையின் பெயர் ஹுவா சாங், அதாவது யானைத் தலை. தாய்லாந்து மொழியில் சாங் என்பதை ஒரு தொனியில் சொன்னால் யானை, இன்னொரு தொனியில் சொன்னால் மெக்கானிக். நான் எதைக் கேட்டேனோ தெரியாது. மூன்றாவது முறையும் அவருக்குப் புரியாததால், கயிற்றை விட்டுவிட்டு, கையை மூக்கருகே கொண்டுபோய்த் துதிக்கையாக ஆட்டிக் காட்டினேன். நடத்துநருக்குப் புரிந்தது. கயிற்றை விட்டதால் பாய் மீண்டும் இறங்கியது. பாட்டி இந்த முறை தாய்லாந்து மொழியில் ஏதோ சொன்னார். அது பாராட்டு இல்லை என்பதை அறியும் அளவுக்கு நான் தேறியிருந்தேன்.

ஹெல்மெட் எதற்கு என்பது அடுத்த பாலம் வந்தபோது தெரிந்தது. பாலம் மிகத் தாழ்வாக இருந்ததால், படகின் கூரையே இறங்கி எங்கள் தலைக்கு நெருக்கமாக வந்தது. நடத்துநர் வெளியிலிருந்தபடியே மடங்கி உட்கார்ந்து, பாலம் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து சில்லறையை எண்ணத் தொடங்கினார். நான் இதைப் படம் எடுப்பதில் மூழ்கியிருந்தபோது யானைத் தலை வந்துபோய்விட்டது.

அடுத்த துறை பிராட்டுநாம். அங்கே படகு முழுவதும் காலியானதால் நானும் இறங்கி, மொத்தக் கூட்டமும் போகும் திசையில்தான் வெளியேறும் வழி இருக்கும் என்று நம்பிப் பின்தொடர்ந்தேன். பிராட்டுநாம் என்பது படகு மாறும் இடம் என்பதும், அந்தக் கூட்டம் போனது கிழக்கே செல்லும் மறு படகுக்கு என்பதும், அதில் ஏறி அது கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. ஈர உடையோடு, வேண்டாத திசையில், அசோக் துறை வரை போனேன்.

திரும்பி வரும்போது நானே விரும்பி ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். எதிரே படகு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பாயை இறக்கவே இல்லை. ஒரு சொட்டு நீர்கூட உள்ளே வராததைப் பார்த்து, பக்கத்தில் இருந்த அலுவலக உடைக்காரர் என்னை நோக்கித் தலையசைத்தார். அந்தப் பெருமிதத்தில், துறை வந்த பிறகும் பாயை உச்சி வரை இழுத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இறங்க வேண்டியவர்கள் ஐந்தாறு பேர் பாய்க்கு உள்ளே நிற்க, வெளியே விளிம்பில் நின்ற நடத்துநர் அந்த நீலப் பாயை ஹெல்மெட்டால் தட்டித் தட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். தாய்லாந்து மொழி எனக்குத் தெரியாது. ஆனால் 29சி-யில் அதே சொற்களைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.