டீஎக்ஸ் வேகனும் கல்லடி உப்பும்

[காட்சி: வேகனின் இடப்பக்கக் கதவுக்குக் கீழே, மிக நெருக்கத்தில். ஒரு விரல் பெயின்டைத் தடவுகிறது.]

இந்தக் கொப்புளத்தைப் பாருங்கள். ஒரு ரூபாய்க் குற்றி அளவுதான் இருக்கும். வாகனத்தைக் கழுவும்போது கையில் தட்டுப்பட்டிருக்காவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது. இப்போது ஸ்க்ரூ டிரைவரை அதன் மேல் வைத்து அழுத்துகிறேன். குத்தவில்லை, சும்மா அழுத்துகிறேன்.

[ஸ்க்ரூ டிரைவர் பிடி வரை உள்ளே போகிறது. நிலத்தில் ஏதோ கொட்டுகிறது.]

கொட்டுவதில் பாதிதான் கறள். மற்றது கடல் மணல். நடுவில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது சிப்பித் துண்டு.

வணக்கம். இது டொயோட்டா கொரொல்லா, கேஈ 72. இலங்கையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை; டீஎக்ஸ் வேகன் என்றால்தான் தெரியும். 1979இல் ஜப்பானில் வெளிவந்த கொரொல்லா வரிசையின் ஸ்டேஷன் வேகன். அந்த வரிசையில் கார் நின்ற பிறகும் வேகன் 1987 வரை வந்துகொண்டிருந்தது. 4கே எஞ்சின், 1290 சீசீ, பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். நெல் மூட்டையும் ஏற்றலாம், குடும்பத்தோடு கோயிலுக்கும் போகலாம். இது என் பெரியப்பாவின் வாகனம்.

2004 டிசம்பர் 26 காலையில் இது மட்டக்களப்பில், கடலோரக் கல்லடியில், எங்கள் முற்றத்தில் நின்றது. தண்ணீர் வற்றியபோது மதிலோடு சாய்ந்து கிடந்ததாம். அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. வாகனத்துக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். எஞ்சினை இறக்கிக் கழுவினார்கள், சீற்றுகளை மாற்றினார்கள், வெளியே சுத்தமாகக் கழுவித் துடைத்தார்கள். ஓடியது. இருபது வருடம் ஓடியது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இந்தப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவில்லை. அது திறக்கிற மாதிரிச் செய்யப்பட்டதும் இல்லை.

இந்தப் பெட்டிக்குப் பெயர் சில். சக்கரத்தைச் சொல்லும் சில்லு இல்லை, சில். லொறிக்கு இருப்பது போல இந்த வேகனுக்குத் தனிச் சஸி கிடையாது. தரையும் இரண்டு பக்கச் சில்லும் கூரையும் சேர்ந்ததுதான் எலும்புக்கூடு. ஆகவே சில் உக்கினால் அது அழகுப் பிரச்சினை அல்ல. வாகனம் நடுவில் தொய்யத் தொடங்கும்.

சரி, கறள் ஏன் வெளியிலிருந்து வராமல் உள்ளிருந்து வருகிறது?

[காட்சி: வெள்ளைப் பலகையில் சில்லின் குறுக்கு வெட்டு வரைபடம். இரண்டு தகடுகள், மேலும் கீழும் விளிம்போடு விளிம்பு.]

வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று. விளிம்புகளை ஒன்றோடொன்று வைத்து ஸ்பொட் வெல்டிங்கால் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கிறார்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் இரண்டு தகடும் தொட்டுக்கொண்டுதான் நிற்கும், ஒட்டியிருக்காது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டு விட்டால் எப்படிப் பரவுகிறதோ அப்படித்தான் தண்ணீர் அந்த இடுக்குக்குள் ஏறும். ஏறினால் இறங்காது. இரும்பு கறளாகும்போது பல மடங்கு பருக்கும். பருத்த கறள் தகடுகளை விலக்கும், விலகிய இடத்துக்குள் இன்னும் தண்ணீர் போகும்.

இதோடு உப்பு சேர்ந்தால் கதை வேறு. கடல் தண்ணீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு போகாது. அது சும்மாவும் இருக்காது, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சமையல் உப்பு காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்புப் போத்தலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது ஈரப்பதன் 33ஐத் தாண்டினாலே இழுக்கும். மட்டக்களப்பில், கச்சான் காற்று முகத்தைச் சுடுகிற மத்தியானத்தில்கூட, அந்த அளவுக்கு இறங்குவது அரிது. அதாவது இந்தச் சில்லின் உள்பக்கம் இருபது வருடத்தில் ஒரு நாள்கூடச் சரியாகக் காயவில்லை.

சுனாமித் தண்ணீர் பட்ட வாகனத்துக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். வாடைக் காற்று அடிக்கும் நாட்களில் கடற்கரை வீதியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். அந்தப் பிசுபிசுப்பு வாகனத்துக்கும்தான் படிகிறது. 2011 தை மாத வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் ஓடிய வாகனங்களும் இன்னும் நம் ஊரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நல்ல தண்ணீர்தான், ஆனால் சேற்றைக் கொண்டுபோய்ச் சில்லின் வடிகால் ஓட்டைகளை அடைத்துவிட்டுப் போய்விட்டது.

இங்கே என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இதே இடத்தில் மூன்று வருடத்துக்கு முன்பும் ஒரு கொப்புளம் இருந்தது. ஒரு கராஜில் விட்டேன். ஒரு கிழமையில் பளபளவென்று வந்தது, நானும் காசைக் கொடுத்து, படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டேன். இரண்டு மாரி தாங்கவில்லை. இப்போது கிரைண்டரில் உரித்தபோது கண்டதைக் காட்டுகிறேன்.

[காட்சி: அடுக்கு அடுக்காக உரிந்த பகுதி. விரல் ஒவ்வொன்றாகச் சுட்டுகிறது.]

மேலே பெயின்ட். கீழே பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, அரை அங்குலத் தடிப்பு. அதற்குக் கீழே ரிவெட் அடித்த அலுமினியத் தகடு. அதற்கும் கீழே, ஓட்டைக்குள் பட்டி விழாமல் இருக்க, கசக்கித் திணித்த பத்திரிகைக் கடதாசி. கடதாசி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் பற்றரி மாதிரி வேலை செய்யும், இரண்டில் ஒன்று அரியும். இங்கே ரிவெட்டைச் சுற்றி வெள்ளைத் தூளாக இருப்பது அரிந்த அலுமினியம். கறளை அவர்கள் மூடவில்லை, வளர்த்து விட்டிருக்கிறார்கள்.

பழைய வேகன் வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்த வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய வாகனங்களுக்கு யானை விலை வந்தது, பட்டி பூசி விற்பதும் கூடவே வந்தது. பார்க்கப் போகும்போது ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். தகட்டில் ஒட்டும், பட்டியில் வழுக்கும். விரல் கணுவால் தட்டினால் தகடு கணீரென்று பேசும், பட்டி மரம் மாதிரி ஊமையாக இருக்கும். ஃபோனில் பொருத்தும் சின்னக் கமரா வயர் கடைகளில் கிடைக்கிறது. வடிகால் ஓட்டை வழியாக அதை உள்ளே விட்டுப் பாருங்கள். நான் வாங்கிய சாமான்களிலேயே காசுக்கு அதிகம் உழைத்தது அதுதான்.

வேகனுக்கென்று சில இடங்கள் உண்டு. பின்கதவின் கீழ் விளிம்பு, பின் பக்கக் கண்ணாடி றப்பர்களின் அடி, ஸ்பெயார் சில்லு வைக்கும் குழி, பின் மட்கார்டின் உள்வளைவு, கூரை ஓரத் தண்ணீர்க் கால்வாய். எல்லாவற்றையும் விட முக்கியம், லீஃப் ஸ்பிரிங் உடலோடு பிடிபடும் இடம். அங்கே உக்கியிருந்தால் விலை பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இனி வேலை.

சில்லை வெட்டுவதற்கு முன்பு நான் ஒரு பிழை விட்டேன். வாகனத்தை நடுவில் ஜெக் போட்டுத் தூக்கினேன். கதவுக்கு மேலே 5 மில்லிமீற்றராக இருந்த இடைவெளி 9 ஆனது, கதவு பூட்டவில்லை. ஆரையம்பதியிலிருந்து எனக்கு உதவிக்கு வரும் டிங்கரிங் பாஸ் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மனே, முதுகெலும்பு முறிஞ்ச ஆள இடுப்பில பிடிச்சா தூக்குவாங்க?” என்றார்.

ஆகவே முதலில் இறக்கினோம். சக்கரங்களுக்குக் கிட்ட, ஸ்பிரிங் பாரம் தாங்கும் இடங்களில் ஸ்டாண்ட் வைத்தோம். கதவைத் திறந்து, ஓரங்குலச் சதுரக் குழாய் இரும்பைக் கதவு வாசலுக்குக் குறுக்கே வெல்ட் பண்ணினோம். எல்லா இடைவெளிகளையும் அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தந்த இடத்திலேயே ஒட்டினோம். இடப்பக்கம் முழுதாக முடியும் வரை வலப்பக்கத்தைத் தொடவே இல்லை. பற்றரி வயரைக் கழற்றுவதும் பெற்றோல் தாங்கியை இறக்கி வளவுக்கு வெளியே வைப்பதும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சஸி நம்பர் அடித்த தகட்டின் பக்கம் மட்டும் கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள். அதில் கை வைத்தால் பிறகு பதிவுப் புத்தகத்தோடு அலைய வேண்டிவரும்.

எவ்வளவு வெட்டுவது? கொப்புளம் ஒரு ரூபாய்க் குற்றி அளவு என்றேன். நாங்கள் வெட்டியது கையால் மூன்றரைச் சாண். தகட்டின் இரண்டு பக்கமும் வெள்ளி மாதிரி மின்னும் இடம் வரும் வரை வெட்டிக்கொண்டே போனோம். மனம் கேட்காது. “இது போதும் பாஸ்” என்று நான் நாலு தரம் சொன்னேன். அவர் நாலு தரமும் ஸ்க்ரூ டிரைவரைத்தான் நீட்டினார், குத்திப் பார்க்கச் சொல்லி. நாலு தரமும் உள்ளே போனது.

[காட்சி: திறந்த சில்லுக்குள் குழாய்த் தண்ணீர். மண்ணிறத் தண்ணீர் வெளியேறுகிறது.]

வெட்டியதும் வெல்டிங்கில் இறங்கக்கூடாது. முதலில் உப்பை வெளியேற்ற வேண்டும். எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட, கோடையில் சவர் அடிக்கும். அதனால் பைப் தண்ணீர். ஊற்று, காற்றடித்துக் காயவை, மறுபடி ஊற்று. முதல் நாள் கழுவிய தகடு பத்து நிமிடத்தில் செம்மஞ்சளாகப் பூத்தது. உப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஆறாவது தரம் கழுவிய பிறகுதான் ஒரு மணி நேரம் தாண்டியும் சாம்பல் நிறத்திலேயே நின்றது. இந்த வீடியோவில் பார்க்கச் சலிப்பான பகுதி இதுதான், வேலையில் முக்கியமான பகுதியும் இதுதான்.

பிறகு, வெட்ட முடியாத உள்மூலைகளுக்குக் கறள் மாற்றி. கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று பொஸ்போரிக் அமிலம், கறளை இரும்புப் பொஸ்பேற்றாக்கும். மற்றது தானின் சேர்ந்தது. அது என்ன செய்கிறது என்பதை உங்கள் குசினியிலேயே பார்த்திருப்பீர்கள். பழைய இரும்புக் கத்தியால் வாழைக்காய் வெட்டினால் கத்தியும் கையும் கறுக்கும் அல்லவா? வாழைக்காயின் பாலில் உள்ள தானின் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு அது. இந்தப் போத்தலும் அதே வேலையைத்தான் செய்கிறது. உதிரும் கறள் மேலே பூசினால் பிரயோசனமில்லை. கம்பிப் பிரஷ்ஷால் உரசி, இறுக்கமாக ஒட்டியிருப்பதன் மேல் மட்டும் பூசுங்கள்.

புதுத் தகடு 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீற்றர். கூரைத் தகரம் வேண்டாம், அது சில்லின் பாரத்தைத் தாங்காது, வெல்ட் பண்ணும்போது அதன் மேல் பூசிய நாகம் (துத்தநாகம்) புகையாக எழும், அந்தப் புகையில் காய்ச்சலும் வரும். மிக் வெல்டிங், அதாவது கம்பி தானே வந்து உருகும் மின் வெல்டிங், 0.6 மில்லிமீற்றர் கம்பி. கோடு இழுக்காமல் புள்ளி புள்ளியாக, ஒன்று இந்த முனையில், அடுத்தது அந்த முனையில், சூடு ஒரே இடத்தில் சேராதபடி. காஸ் வெல்டிங் நம் ஊரில் இன்னும் மலிவு. ஆனால் அது பெரிய இடத்தைச் சுட்டுத் தகட்டை நெளிக்கும். தகட்டின் மேல் தகட்டை ஏற்றி ஒட்டுவதும் சுகமான வேலைதான். அது இன்னொரு இடுக்கைச் செய்து வைப்பது. நாங்கள் விளிம்போடு விளிம்பு வைத்தோம், ஒன்றரை நாள் கூடப் போனது.

இடைவெளி மறுபடி 5க்கு வந்தது. டேப்பில் எழுதியதோடு ஒத்துப் பார்த்தபோது பாஸ் சிரித்தார், முதல் தரம்.

பெயின்ட் பற்றி நீட்டப் போவதில்லை. எப்பொக்ஸி பிரைமர், மூட்டுகளுக்கு சீலர், மேலே நிறம். வைகாசி, ஆனியில் செய்யுங்கள், மார்கழியில் செய்யாதீர்கள். அடிப்பக்கத்துக்குத் தார் மாதிரி அண்டர்சீலைத் தடிப்பாகப் பூசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெடித்த பிறகு அதற்குப் பின்னால் தண்ணீர் நிற்கும், கண்ணுக்கும் தெரியாது. கழித்த எஞ்சின் ஒயில் அடிக்கும் பழக்கமும் இருக்கிறது. அது றப்பர் புஷ்களைக் கெடுக்கும், மழைக்குக் கழுவுண்டு கிணற்றுப் பக்கம் போகும்.

பெட்டிக்குள் நான் போட்டது மெழுகு. கவிற்றி வக்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். ரின்னை வெந்நீரில் வைத்து இளக்கி, நீளக் குழாய் முனையால் சில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்து இழுத்து அடிக்க வேண்டும். ஸ்பொட் வெல்டிங் இடுக்குகளுக்குள் அது தானே ஊர்ந்து போகும், தண்ணீர் போன அதே வழியில். இரண்டு நாள் சொட்டும். கீழே மட்டை விரியுங்கள். நான் விரிக்கவில்லை, போர்ட்டிக்கோவில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது, அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

[காட்சி: மழை. வேகனின் அடிப்பக்கம், நிலத்தோடு வைத்த கமரா.]

இது ஐப்பசியில் வந்த முதல் பெருமழை. இடப்பக்கச் சில்லுக்கு நாலு வடிகால் ஓட்டை. முதலாவதிலிருந்து தண்ணீர் வருகிறது. இரண்டாவதிலிருந்தும் வருகிறது. நாலாவதும் சரி. மூன்றாவது காய்ந்து கிடக்கிறது. மெழுகு அடைத்திருக்கிறது. சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து குத்தினேன். இதோ, வருகிறது.