ஊழியருக்கு ஒரு கடிதம், ஊருக்கு ஓர் அறிக்கை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2017 ஏப்ரல் 9. அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து லூயிவில் புறப்பட இருந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவன விமானத்தில், டிக்கெட் வாங்கி இருக்கையில் அமர்ந்துவிட்ட பயணி ஒருவரைப் பாதுகாப்பு அலுவலர்கள் இழுத்துச் சென்றார்கள். சக பயணிகள் எடுத்த வீடியோ உலகெங்கும் பரவியது. மறுநாள் நிறுவனத் தலைவர் வெளியிட்ட அறிக்கை, பயணிகளுக்கு மாற்று ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்கு வருத்தம் தெரிவித்தது. அதே நாள் அவர் ஊழியர்களுக்கு அனுப்பிய கடிதமோ, அந்தப் பயணி முரண்டு பிடித்தார் என்றும், ஊழியர்களின் பக்கமே தான் நிற்பதாகவும் சொன்னது. அந்தக் கடிதமும் ஊடகங்களின் கைக்குப் போனது. அடுத்த நாள்தான் முழு மன்னிப்பு வந்தது. அதற்குள் நிலைமை கைமீறியிருந்தது.

அலுவலகத்துக்குள் எழுதும் எதுவும் உள்ளேயே தங்காது. அதனால் இரண்டு உண்மைகள் எழுதாதீர்கள். நடையும் விவரமும் மாறலாம், செய்தி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

நெருக்கடி வந்தவுடன் முதல் அறிக்கைக்கு நான்கு வாக்கியம் போதும். உறுதியாகத் தெரிந்தது என்ன, பாதிக்கப்பட்டவர்களுக்கு இப்போது என்ன செய்கிறோம், அடுத்து எத்தனை மணிக்குப் பேசுவோம். காரணத்தை ஊகிக்கக் கூடாது, யார்மீதும் பழி போடக் கூடாது. சொன்ன நேரத்தில் புதிதாக எதுவும் கிடைக்காவிட்டாலும், அதைச் சொல்லவாவது வந்து நிற்க வேண்டும்.

இதை வெளியிடுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் ஊழியர்களுக்கு அனுப்புங்கள். ஒரு மணி நேரம் முன்னால் அனுப்பினால் கசிந்துவிடும். பிந்தினால் வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் அவர்களுக்கே தெரியவரும். மின்னஞ்சல் இல்லாத ஷிப்ட் ஊழியர்களுக்கு மேற்பார்வையாளர் வாசித்துக் காட்டட்டும். வாசல் காவலரையும் வரவேற்பு மேசையில் இருப்பவரையும் பெரும்பாலான நிறுவனங்கள் மறந்துவிடுகின்றன. நிருபர் முதலில் கேள்வி கேட்பதே அவர்களிடம்தான்! யாருக்கு அழைப்பை மாற்ற வேண்டும் என்று பெயரும் எண்ணும் எழுதிய ஒரு சீட்டு அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒப்புதல் தர இரண்டு பேர், இருவருக்கும் ஒரு மாற்றாள். ஐந்து மேசை தாண்டி வரும் அறிக்கை வந்து சேர்வதற்குள் வதந்தி ஊரைச் சுற்றிவிடும்.

அடுத்தது, சமூக ஊடகத்தில் தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைத்த பதிவுகள். விபத்துச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது, போன வாரம் தயாரித்து வைத்த தள்ளுபடி விளம்பரம் தானாகவே வெளியாகும். அதை எந்த மனிதரும் அந்த நேரத்தில் பதிவிடவில்லை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. கல்நெஞ்சம் என்றே எடுத்துக்கொள்வார். ஆகவே அறிக்கை எழுதத் தொடங்கும் முன்பே அந்த வரிசையை நிறுத்துங்கள்.

நிறுவனத்தின் சமூக ஊடகக் கணக்கின் இருபடிச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் ஏற்பாடு, ஒரே ஒருவருடைய கைபேசி எண்ணில் இருந்தால், அவர் விடுப்பில் போகும் நாளில் கணக்கும் பூட்டிக்கொள்ளும். குறைந்தது இருவருக்கு நிர்வாகி உரிமை கொடுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் உரிமையை அன்றைக்கே நீக்குங்கள். வசவும் தனிநபர் விவரமும் தவிர, புகார்க் கருத்துகளை அழிக்காதீர்கள். அழிக்கும் முன்பே யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார். பிறகு புகாரைவிட அழித்ததே பெரிய செய்தியாகும்.

ஊழியர்களின் சொந்தக் கணக்குகளுக்கு ஒரு பக்க விதி போதும். நிறுவனத்தைப் பற்றி எதுவும் பேசாதே என்று எழுதிவிட வேண்டாம். அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், தனியார் துறை ஊழியர்களில் பெரும்பாலோர் சம்பளத்தையும் வேலை நிலைமையையும் தங்களுக்குள் பேசும் உரிமையைக் காக்கிறது. சமூக ஊடகத்துக்கும் அது பொருந்தும். வாடிக்கையாளர் விவரம், வெளியிடாத வரவு செலவுக் கணக்கு, சக ஊழியரின் மருத்துவச் செய்தி என, எவற்றைப் பகிரக் கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்ற தொலைபேசி எண்ணையும் அதே பக்கத்தில் போடுங்கள்.