பெரியப்பாவின் எக்ஸ்எல் வேகத்தில் விருதுநகருக்கு: ஒன்பது வண்டிகளும் ஒரு மதிய பரோட்டாவும்

வணக்கம் உறவுகளே. இப்போது திரையில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மதுரை பசுமலை. தை மாத ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. சாலையோர வேப்பமரத்தடியில் எட்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்பதாவது வண்டி திருமங்கலத்தில் நம்மோடு சேரவிருக்கிறது. விருதுநகர் சென்று எண்ணெய் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது என்பதுதான் இன்றைய திட்டம். இங்கிருந்து விருதுநகர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காரில் போகிறவர்கள் முக்கால் மணி நேரத்தில் போய்விடுவார்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் இன்று விரிவாகப் பேசப்போகிறேன். எந்த வண்டி ஓட்டுகிறீர்கள், எவ்வளவு வேகம் போவீர்கள் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். கடைசியில் வருகிறவரை யார் பார்த்துக்கொள்கிறார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

நான் வண்டி வாங்கிய புதிதில், வேறொரு குழுவோடு இதே சாலையில் இதேபோல் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினேன். அன்று வரிசையில் கடைசி வண்டி என்னுடையது. கள்ளிக்குடிக்கு அருகே செயின் தளர்ந்து பல்சக்கரத்திலிருந்து கழன்றுவிட்டது. முன்னால் போன பதினான்கு பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலில் முக்கால் மணி நேரம் நின்று தொலைபேசியில் அழைத்தபோது, சாப்பிட உட்கார்ந்துவிட்டோம், சரிசெய்துகொண்டு மெதுவாக வாருங்கள் என்றார்கள். அந்த வழியாக வந்த பஞ்சர் கடைத் தம்பி ஒருவர்தான் செயினை மாட்டி இறுக்கிக் கொடுத்தார். நான் விருதுநகர் போகாமல் மதுரைக்கே திரும்பிவிட்டேன். அவர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர். பின்னால் வருகிறவரைப் பார்ப்பது இன்னாருடைய பொறுப்பு என்று அந்தக் குழுவில் யாருமே வகுத்துவைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அன்று மனத்தில் எழுதிக்கொண்டதை நானே ஒரு குழு சேர்த்தபோது முதல் விதியாக வைத்தேன். உங்கள் கண்ணாடியில் பின்வண்டி தெரியவில்லை என்றால் நீங்கள் வேகத்தைக் குறையுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் ஓரமாக நின்றுவிடுங்கள். உங்களுக்கு முன்னால் போகிறவரும் தம் கண்ணாடியில் உங்களைக் காணாமல் நிற்பார், அவருக்கு முன்னால் போகிறவரும் நிற்பார். இப்படிச் சங்கிலி போல ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டே வருவதால், யாரும் யாரையும் அலைபேசியில் அழைக்காமலேயே மொத்தக் குழுவும் நின்றுவிடும்.

இப்போது மேலிருந்து எடுத்த காட்சியைப் பாருங்கள், வரிசை தெளிவாகத் தெரியும். முதல் வண்டி தன் தடத்தின் வலப்பக்கமாகப் போகிறது, இரண்டாவது இடப்பக்கமாக, மூன்றாவது மறுபடியும் வலப்பக்கமாக. நேர் முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு விநாடி இடைவெளி இருக்க வேண்டும். சாலையோர மைல்கல்லை முன்வண்டி கடந்ததும் மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள். இரண்டு விநாடிக்குள் நீங்கள் அந்தக் கல்லை எட்டிவிட்டால் நெருங்கி ஓட்டுகிறீர்கள் என்று பொருள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி என்பது 28 மீட்டர் தூரம். திடீரென்று ஓர் ஆடு குறுக்கே வந்தால் பிடித்து நிறுத்த இந்த இடம் வேண்டும். வளைவுகளிலும் குறுகிய பாலங்களிலும் மட்டும் இந்த மாறுவரிசையைக் கைவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறோம்.

திருப்பரங்குன்றம், திருநகர், ஹார்விபட்டி வரை ஞாயிற்றுக்கிழமைக் கோயில் கூட்டம். அதைக் காட்ட வேண்டியதில்லை. கப்பலூர் சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிகளுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், இடது ஓரப் பாதையில் ஒவ்வொன்றாக நுழைந்து வெளியேறும்போது வரிசை உடைந்துவிடும். ஆகவே சாவடியைத் தாண்டியதும் நின்று எண்ணிக்கை பார்த்த பிறகே புறப்பட வேண்டும்.

திருமங்கலத்தில் நிற்கிறாரே, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலைக்கவசத்தின் வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிப் போட்டுக்கொண்டு, அவர்தான் எங்கள் பெரியப்பா. குழுவில் ஒரு தம்பிக்கு அவர் சொந்தப் பெரியப்பா; அதனால் எங்கள் எல்லோருக்கும் பெரியப்பா. வயது 63. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். செக்கானூரணி வழியாக வந்து சேர்ந்துகொண்டார். அவருடைய வண்டி 70 சிசி, இரண்டு ஸ்ட்ரோக் டிவிஎஸ் எக்ஸ்எல். இவ்வளவு பெரிய வண்டிகளுக்கு நடுவே இந்த வண்டி எதற்கு என்று சென்ற காணொளியின் கீழ் சிலர் எழுதியிருந்தீர்கள். மதுரைக்காரர்கள் அப்படிக் கேட்கலாமா? டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய ஊர் நம் மதுரை. 1980-இல் அந்தக் குழுமம் கொண்டுவந்த டிவிஎஸ் 50 என்ற வண்டிதான் நம் நாட்டில் இருவர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் மொபெட். பால் கேனையும் உரமூட்டையையும் வாழைத்தாரையும் சுமந்து நம் கிராமங்களை நடத்திக்கொண்டிருப்பது அந்த வழியில் வந்த வண்டிகள்தாம். பெரியப்பா இந்த வண்டியில் வெற்றிலைக் கட்டு ஏற்றிப் பிள்ளைகள் இருவரைப் படிக்க வைத்திருக்கிறார். அது எங்கள் வரிசையில் ஓடுவதில் எனக்கு மிகுந்த பெருமை.

அந்த வண்டி நிம்மதியாக ஓடும் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். ஆகவே திருமங்கலத்துக்கு அப்பால் எங்கள் எல்லோருடைய வேகமும் 45-தான். பெரியப்பாவைக் கடைசியில் விடாமல், வழிகாட்டும் வண்டிக்கு அடுத்தபடியாக இரண்டாவது இடத்தில் வைத்தோம். மெதுவான வண்டி கடைசியில் இருந்தால், முன்னால் போகிறவர்கள் தம்மை அறியாமலேயே வேகம் கூட்டிவிடுவார்கள். இவர் எட்டிப் பிடிப்பதற்காக முறுக்கிக்கொண்டே வர வேண்டியிருக்கும். இரண்டாவதாக வந்தால், வழிகாட்டுகிறவரின் கண்ணாடியிலேயே அவர் முகம் தெரியும். கடைசி வண்டியை ஓட்டியவள் நான். ஒளிபட்டால் மின்னும் சட்டை அணிந்துகொண்டு, இடது ஓரத் தடத்தைவிட்டு விலகாமல் வந்தேன். இது ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை; பின்னால் வரும் லாரிக்கும் பேருந்துக்கும், முன்னால் ஒரு கூட்டம் மெதுவாகப் போகிறது என்பது தொலைவிலேயே தெரிந்தாக வேண்டும்.

ராஜபாளையம் சாலை வலப்புறம் பிரிந்ததும் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது, பாருங்கள். இது கரிசல். இருபுறமும் சோளத்தட்டையும் பருத்தியும், கண்ணுக்கெட்டிய தூரத்தில் உடைமரங்களும். கள்ளிக்குடியை நெருங்கும்போது, முன்னால் யாரோ கை தூக்குவது தெரிந்தது. பெரியப்பாவின் வண்டி திணறித் திணறி நின்றுவிட்டது. எனக்குச் செயின் கழன்ற இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஒன்பது வண்டிகளும் ஓரங்கட்டின. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கரிசல் மண்ணில் பக்கவாட்டு ஸ்டாண்டைப் போட்டால் அது மெல்ல மெல்லப் புதைந்து வண்டி சாய்ந்துவிடும். தட்டையான கல் ஒன்றை அடியில் வைத்துவிட்டு ஸ்டாண்டைப் போடுங்கள்.

பெரியப்பா பதறவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு துணிமுடிப்பை எடுத்தார். பிளக் ஸ்பேனர், உப்புத்தாள், ஒரு பழைய பல் துலக்கி. பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். முனை முழுவதும் கரி படிந்து, எண்ணெய் கசிந்து பளபளவென்று ஈரமாக இருந்தது. பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து எரிக்கும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இது வழக்கமான தொல்லைதான். எண்ணெய் சற்றுக் கூடிப்போனாலும் கரி அடைத்துப் பொறி பறக்காமல் போய்விடும். அவர் உப்புத்தாளால் முனையைத் தேய்த்தார், வேட்டி நுனியில் துடைத்தார், ஊதினார், வெயிலுக்கு எதிரே பிடித்து இடைவெளியைக் கண்ணால் அளந்தார். திருப்பி மாட்டி இரண்டு மிதி மிதித்ததும் வண்டி நீலப்புகையோடு உயிர்பெற்றது. எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு நிமிடம். உங்களுக்கெல்லாம் சோறு ஆறிப்போகுமே தாயி என்றார் என்னிடம். சோறு இல்லை பெரியப்பா, பரோட்டா, நாம் போனால்தான் கல்லில் போடுவார்கள் என்றேன்.

அது உண்மை. முந்தின நாளே கடைக்குத் தொலைபேசியில் பேசி, பதினோரு பேர், பன்னிரண்டரை மணிக்கு என்று சொல்லி வைத்திருந்தோம். சிறிய ஊர்க் கடைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பதினோரு பேர் போய் நின்றால், நமக்கும் தாமதம், வழக்கமாக வருகிறவர்களுக்கும் இடையூறு.

விருதுபட்டியாக இருந்து 1923-இல் விருதுநகர் என்று பெயர் மாறிய இந்த ஊர், காமராசர் பிறந்த ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். எண்ணெயும் பருப்பும் மிளகாய் வற்றலும் மல்லியும் மொத்த வியாபாரம் ஆகும் ஊரும் இதுதான். தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள கடைவீதியில் தலைக்கவசத்தைக் கழற்றினால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. இப்படிப்பட்ட ஊரில் பரோட்டாவை எண்ணெயில் பொரித்தார்கள் என்றால் அதில் வியப்பே இல்லை.

கேமராவைக் கல்லுக்குப் பக்கத்தில் வைக்க மாஸ்டர் அனுமதி தந்தார். ஊறிய மைதா உருண்டையை அவர் பலகையில் வீசி, துணிபோல் மெல்லியதாக இழுத்து, புடவைக் கொசுவம் போல மடித்து, சுருட்டி வைக்கிறார். இதுவரை நம் மதுரைக் கடைகளில் நடப்பதுதான். அதன்பின் நடப்பதுதான் வேறு. உள்ளங்கை அளவுக்குத் தட்டிய பரோட்டாக்களைப் பெரிய இரும்புக் கல்லில் எண்ணெய் தேங்கி நிற்கும் இடத்தில் வரிசையாக விடுகிறார். ஓரங்களில் சிறு குமிழிகள் எழுவதைக் கவனியுங்கள். மாவில் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறி அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. அந்த இடைவெளியில் சூடான எண்ணெய் இறங்குகிறது. பொன்னிறம் வந்ததும் எடுத்து எண்ணெயை வடியவிட்டு இலையில் வைக்கிறார். விரலால் அழுத்தினால் நொறுங்குகிறது, சத்தம் கேட்கிறதா? அதன் மேல் சால்னாவை ஊற்றிய அரை நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும். அப்போது அடிப்பக்கம் ஊறியும் மேல்பக்கம் மொறுமொறுவென்றும் இருக்கும். பேசிக்கொண்டே இருந்தால் முழுவதும் ஊறி, சாதாரணப் பரோட்டாவாகிவிடும். மட்டன் சுக்காவும் கோலா உருண்டையும் நன்றாக இருந்தன. காடை எனக்குச் சற்று உப்பாகப் பட்டது. பரிமாறிய தம்பி, அக்கா இன்னும் ரெண்டு வைக்கவா என்று கேட்டுக் கேட்டு என் இலையில் ஆறு ஆகிவிட்டது. பதினோரு பேருக்கும் சேர்த்து 4,180 ரூபாய், ஆளுக்கு 380.

எண்ணெய்ப் பலகாரம் உண்ட வயிற்றோடு உடனே வண்டி எடுக்கக் கூடாது. மதிய வெயிலில் கண் சொருகும். நேரான நான்குவழிச் சாலையில் அது மிகவும் ஆபத்தானது. ஆகவே ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த கொழுந்து வெற்றிலையைப் பிரித்தார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை, அன்று விடியற்காலையில் அவர் கையால் கிள்ளியது. காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, முதுகில் சுண்ணாம்பு தடவி, ஒவ்வொருவருக்கும் அவரே மடித்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியிலும் அதே வரிசை, அதே வேகம். திருமங்கலத்தில் பெரியப்பா இடப்புறம் செக்கானூரணிச் சாலையில் பிரிந்துபோனார். வீடு சேர்ந்ததும் எல்லோரும் குழுவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மாலை ஐந்து மணிக்குள் ஏழு வண்டிக்காரர்களும் அனுப்பிவிட்டார்கள். பெரியப்பாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைபேசி. அவரால் அழைக்கத்தான் முடியும். ஐந்தரை ஆனது, ஐந்தே முக்கால் ஆனது. நான் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அழைப்பு வந்தது.

"வந்து சேந்துட்டேன் தாயி. வழியில புது பிளக்கு ஒண்ணு வாங்கி மாட்டிட்டு வந்தேன், அதான் நேரமாயிருச்சு."