எரிசக்தி வரலாறு படித்தால் வேலை உண்டா? தேவிபட்டினம் தங்கச்சியின் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. தேவிபட்டினத்திலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறாள். "அக்கா, பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டேன், வரலாறும் பிடிக்கும். ஒரு கட்டுரையில் எழுதியவர் பெயருக்குக் கீழே 'எரிசக்தி வரலாற்றாளர், பொருளாதார ஆலோசகர்' என்று போட்டிருந்தது. நிஜமாகவே இப்படி ஒரு வேலை இருக்கிறதா? இன்ஜினியரிங் படிக்காதவர்கள் போகலாமா? வருமானம் வருமா? வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள்." கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், நான் பிழைப்பதே இந்த வேலையை வைத்துத்தான்.

வேலை இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் யாரும் விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்க மாட்டார்கள். இது இரண்டு வேலை சேர்ந்தது. மனிதர்கள் எந்தக் காலத்தில் எதை எரித்தார்கள், விறகை விட்டு நிலக்கரிக்கும் அப்புறம் எண்ணெய்க்கும் ஏன் போனார்கள், அதற்கு எத்தனை வருடம் பிடித்தது, யாருக்கு லாபம், யார் தலையில் செலவு விழுந்தது என்று பழைய கணக்கைத் தோண்டிப் பார்ப்பது ஒரு பாதி. இன்றைக்குப் பணம் போடப்போகிறவருக்கு, அது அரசாங்கமோ வங்கியோ விசைப்படகு உரிமையாளர் சங்கமோ, இந்த விலை நிற்குமா, இத்தனை வருட ஒப்பந்தம் போடலாமா என்று எழுதிக் கொடுப்பது இன்னொரு பாதி. சம்பாத்தியம் இரண்டாவது பாதியில்தான். முதல் பாதியைத் தொடாமலே இரண்டாவதைச் செய்கிறவர்களும் நிறைய உண்டு, அவர்கள் அறிக்கையைப் புரட்டினாலே தெரியும், எல்லாக் கோடும் மேலே ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் ஒரு இறக்கம் இருக்காது.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கமுதி சோலார் மின்நிலையம் 2016-ல் திறந்தது. 648 மெகாவாட், ஏறக்குறைய 2,500 ஏக்கர். அந்த மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 பைசாவுக்கு 25 வருடம் வாங்குவதாக மின்வாரியம் 2015-ல் ஒப்பந்தம் போட்டது. 2017 மே மாதம் ராஜஸ்தானில் பட்லா என்ற இடத்தில் ஏலம் நடந்தபோது சோலார் விலை 2 ரூபாய் 44 பைசாவுக்கு வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் எவ்வளவு இறக்கம் பார்! இங்கேதான் வரலாறு உதவுகிறது. உலகத்தில் இதுவரை தயாரான சோலார் பேனல்களின் மொத்த அளவு ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் பேனல் விலை சுமார் 20 சதவீதம் குறைந்திருக்கிறது, 1970-களிலிருந்தே இதுதான் போக்கு. நிலக்கரி விலை அப்படி நடந்துகொண்டதே இல்லை. இந்த இரண்டு வரலாறும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள், ஏலத்தில் வாங்குங்கள் என்று சொல்லியிருப்பார். ஆனால் அதே ஆள் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்குச் சில வருடம் முன்பு வரை தமிழ்நாட்டில் பல மணி நேர மின்வெட்டு, தறியும் பட்டறையும் நின்று கிடந்தன, 7 ரூபாய் 1 பைசா என்பது அன்றைக்கு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை. பின்னால் நடந்ததை வைத்துக்கொண்டு முன்னால் முடிவெடுத்தவரைத் திட்டுவதை வரலாறு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, பெரிய கம்பெனி, பெரிய ஒப்பந்தம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாயல்குடி, கடலாடி பக்கம் பஸ்ஸில் போனால் கரிமூட்டம் புகைவதைப் பார்த்திருப்பாய். இறங்கிப் போய்க் கொஞ்ச நேரம் நின்று பார். சீமைக்கருவேல விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈர மண்ணை அப்பி மூடுவார்கள். தீ வைத்த பிறகு நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனிய வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் கரி எல்லாம் சாம்பலாகிவிடும், அதனால் ராத்திரியிலும் ஆள் காவல் இருக்கும், விரிசல் கண்ட இடத்தில் மண்ணைப் பூசிக்கொண்டே இருப்பார்கள். முதலில் கெட்டியாக வெள்ளைப் புகை வரும், அது பெரும்பாலும் விறகில் இருக்கிற ஈரம். புகை மெலிந்து நீலம் தட்டினால் கரி பதத்துக்கு வந்துவிட்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். இப்படி மண் மூடிப் போடும் மூட்டத்தில் ஐந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி தேறும். மெகாஜூல் என்பது எரிசக்தியை அளக்கிற அலகு. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகாஜூல், கரியில் சுமார் 30. அப்படியானால் 75 பங்கு உள்ளே போய் 30 பங்குதான் வெளியே வருகிறது, மீதி எல்லாம் புகையாகவும் சூடாகவும் போய்விடுகிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் இது வீண் வேலை என்றுதான் தோன்றும். ஆனால் ஐந்து டன்னை வெளியூருக்கு ஏற்றுகிற லாரி வாடகையும் ஒரு டன்னை ஏற்றுகிற வாடகையும் ஒன்றா? ஊருக்கு நடுவில் இருக்கிற ஓட்டல் அடுப்பில் புகையாத எரிபொருளுக்குக் கூடுதலாகக் கொடுக்க ஆள் இருக்கிறார்களா இல்லையா? இப்படிக் கேட்டால் அது பொருளாதாரம். இந்த மரம் நம் பக்கம் எப்படி வந்தது, எரிவிறகுக்காக அரசாங்கமே பரப்பிய மரத்தை 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்கிற அளவுக்கு நடுவில் என்ன நடந்தது, மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் அதற்குள் எத்தனை தலைமுறையாக இருக்கின்றன என்று கேட்டால் அது வரலாறு. எரிசக்திக் கணக்கு, பொருளாதாரம், வரலாறு மூன்றும் ஒரே புகைக்குள்ளேதான் இருக்கின்றன. இதை ஒழுங்காக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வேலை வரும். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

இன்ஜினியரிங் பற்றிக் கேட்டாய். இந்தத் துறைக்கே ஆரம்பம் மாதிரி ஒருவரைச் சொல்லலாம் என்றால் அது ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். சிட்னி நாணயச் சாலையில் உலோகம் சோதிக்கிற வேலை பார்த்தார், அதை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பிப் படித்தார், 1865-ல் 29 வயதில் பிரிட்டனின் நிலக்கரி பற்றி நூல் எழுதினார். நீராவி எந்திரம் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்யும், எந்திரம் மலிவாக ஓடினால் இன்னும் பல இடத்தில் எந்திரம் வைப்பார்கள் என்றார். நாடாளுமன்றத்தில் பேசும் அளவுக்கு அது போனது, மறு வருடம் நிலக்கரி பற்றி விசாரிக்க அரசு ஒரு ஆணையமே அமைத்தது. பிரிட்டனின் நிலக்கரி உற்பத்தி 1913-ல் 28 கோடியே 70 லட்சம் டன்னோடு உச்சம் தொட்டு, அப்புறம் இறங்கியது. உலகம் மொத்தமாகப் பார்த்தால் இன்றைக்கு வருடம் 800 கோடி டன்னுக்கு மேல் எரிக்கிறது. எண்ணெய் வந்ததும் நிலக்கரி போய்விடும், சோலார் வந்ததும் எண்ணெய் போய்விடும் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் இந்த எண்ணை அவர் முன்னால் வை.

நம் காலத்தில் டேனியல் யெர்கின். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கியது வரலாற்றில். 1980-களின் தொடக்கத்தில் நண்பரோடு சேர்ந்து எரிசக்தி ஆலோசனை நிறுவனம் ஆரம்பித்தார், எண்ணெயின் வரலாற்றை எழுதி 1992-ல் புலிட்சர் பரிசு வாங்கினார். எண்ணெய்த் தொழிலோடு நெருக்கமாகப் பழகுகிறவர், அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும், ஆனாலும் படிக்க வேண்டியவர்.

ஆகவே பட்டத்தைப் பற்றிப் பயப்படாதே. அலகு மாற்றத் தெரிய வேண்டும், அதில் சலிப்பு வரக்கூடாது. பழைய ஆவணத்தில் விறகு வண்டிக்கணக்கில் இருக்கும், மண்ணெண்ணெய் டின்கணக்கில் இருக்கும், நிலக்கரி டன்னில் இருக்கும், எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்து, அன்றைய ரூபாயை இன்றைய ரூபாயோடு ஒப்பிட வேண்டும். எம்.ஏ. பொருளாதாரம் சேர், புள்ளியியல் தாளை ஒப்புக்குப் படிக்காதே. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய காலத்து மின்துறை அறிக்கைகளை அங்கே தேடு. முன்னுரையை விட்டுவிட்டு, நேராகப் பின்னால் இருக்கிற அட்டவணைக்குப் போ.

சம்பளம் பற்றி. முதல் சில வருடம் ஆராய்ச்சி நிறுவனங்களில் உதவியாளர் வேலை, சுமாரான சம்பளம்தான். தனியாக ஆலோசனை செய்ய ஆரம்பித்தால் ஒரு மாதம் வரும், மூன்று மாதம் வராது. அதனால் பி.எட். படிக்கச் சொல்கிற உன் வீட்டார் மேல் கோபப்படாதே, அவர்கள் கவலை நியாயமானது. ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே வரலாற்றுப் பாதியைச் செய்யலாம், அப்படிச் செய்கிறவர்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம் கொடுக்கிறவர் சில நேரம் முடிவையும் சேர்த்தே கொடுப்பார். ஒரு நிறுவனம் என் அறிக்கையில் விலை இறங்கின வருடங்களை மட்டும் எடுத்துவிடச் சொன்னது. நான் எடுக்கவில்லை, அவர்கள் திரும்பக் கூப்பிடவும் இல்லை. இந்த மாதிரி நாளுக்கு வீட்டில் இன்னொரு வருமானம் இருந்தால் தைரியமாக மறுக்கலாம்.

ஆரம்பிக்க வேண்டும் என்றால் இந்த வாரமே ஆரம்பி. உன் ஊருக்கு வடக்கே உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் திட்டம் வேலை தொடங்கி நின்றுபோனது. இந்தப் பக்கம் வழுதூரில் எரிவாயு மின்நிலையம் ஓடுகிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் மின்வாரியம் கொடுக்கிற கட்டண மனுக்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேசவும் செய்யலாம். அதில் வழுதூரின் ஒரு யூனிட் உற்பத்திச் செலவை வருடவாரியாக எடுத்து எழுது, எரிவாயுவுக்கு எவ்வளவு, கடன் வட்டிக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டு. தமிழிலேயே எழுதி அனுப்பும்மா, நான் உட்கார்ந்து பார்த்துத் திருத்தித் தருகிறேன். அடுத்த கேள்வி தொண்டியிலிருந்து.