0, 12, 1

வணக்கம் நேயர்களே. பேஸ்பால் ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் பலகையில் ஒவ்வொரு அணிக்கும் மூன்று எண்கள் நிற்கும்: எடுத்த ரன் (நான்கு மூலையிலுள்ள பேஸ்களையும் சுற்றி வந்தால் ஒன்று), அடித்த ஹிட் (பந்தை அடித்து அவுட்டாகாமல் பேஸை எட்டுவது), ஃபீல்டிங்கில் செய்த பிழை. 1959 மே 26 இரவு மில்வாக்கி கவுன்ட்டி ஸ்டேடியத்தில் நின்ற எண்களைச் சொல்கிறேன், பக்கத்தில் காகிதம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்: 0, 12, 1. மில்வாக்கி பிரேவ்ஸ்: 1, 1, 0.

பன்னிரண்டு ஹிட் அடித்த அணிக்கு ஒரு ரன்கூட இல்லை. ஒரே ஒரு ஹிட் அடித்த அணி ஜெயித்துவிட்டது. நான் மாற்றிப் படிக்கவில்லை, கணக்கு சரிதான்.

பிட்ஸ்பர்க்குக்குப் பந்து எறிந்தவர் ஹார்வி ஹாடிக்ஸ். 33 வயது, இடது கைக்காரர், பட்டப்பெயர் பூனைக்குட்டி. அன்றைக்கு அவருக்கு ஃபுளூ வேறு. எதிரணியோ லேசுப்பட்டதல்ல. அமெரிக்க மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கை முந்தைய இரண்டு வருடமும் வென்றவர்கள். அந்த சீசன் முடிவில் அவர்களுடைய ஹாங்க் ஆரனின் பேட்டிங் சராசரி .355, அதாவது மூன்றுக்கு ஒன்றுக்கு மேல் ஹிட்; எடி மாத்யூஸ் வேலியைத் தாண்டி அடித்த ஹோம் ரன் 46.

வழக்கமாக ஆட்டம் முடியும் ஒன்பது இன்னிங்ஸில் 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட். ஒருவர் காலும் முதல் பேஸில் படவில்லை. இதைத்தான் பெர்ஃபெக்ட் கேம் என்பார்கள். பாவம், அவருடைய அணி ஒரு ரன் எடுத்திருந்தால் அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். மில்வாக்கியின் லூ பர்டெட் ஹிட் கொடுத்துக்கொண்டே இருந்தார், ஆனால் ரன் மட்டும் கொடுக்கவில்லை. மூன்றாவது இன்னிங்ஸில் ரோமன் மெஹியாஸ் பேராசைப்பட்டு மூன்றாவது பேஸுக்கு ஓடி அவுட்டானார். அடுத்து வந்தவர் ஹிட் அடித்தார்! மெஹியாஸ் பொறுமையாக நின்றிருந்தால், அப்புறம் நான் இங்கே வந்து பேசுவதற்கு விஷயமே இருந்திருக்காது.

ரன் சமமாக இருந்ததால் ஆட்டம் நீண்டது: பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஹாடிக்ஸ் தொடர்ந்து 36 பேரை அவுட்டாக்கிவிட்டார்.

பதிமூன்றாவதில் ஃபெலிக்ஸ் மாண்டியா தரையோடு தட்டிய பந்தை டான் ஹோக் எடுத்துத் தவறாக எறிந்தார். பலகையில் பார்த்தோமே, அந்த 1, அது இவருடைய பிழைதான். மாத்யூஸ் தன் விக்கெட்டைத் தியாகம் செய்வதுபோல மெல்லத் தட்டி மாண்டியாவை இரண்டாவது பேஸுக்கு அனுப்பினார். ஆரனை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்க விட்டார்கள். அடுத்து ஜோ ஆட்காக் அடித்தது வேலியைத் தாண்டிப் போனது. ஹோம் ரன், மூன்று ரன் என்றுதானே நினைப்பீர்கள்? ஆரன் பந்து உள்ளேயே விழுந்ததாக நினைத்து, ஆட்டம் முடிந்தது என்று பாதியில் ஓட்டத்தை விட்டுவிட்டார். பின்னால் வந்த ஆட்காக் அவரைத் தாண்டி ஓடிவிட்டார். விதிப்படி தாண்டியவர் அவுட். லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் கடைசியில் மாண்டியாவின் ரன் மட்டும் செல்லும், 1–0 என்று தீர்த்தார். ஹோம் ரன், ஏட்டில் இரண்டு பேஸ் ஹிட்டாகச் சுருங்கியது.

இதோடு விட்டார்களா? 1991-இல் 'நோ-ஹிட்டர்' என்றால் ஆட்டம் முடியும்வரை ஒரு ஹிட்டும் கொடுக்காதது என்று மேஜர் லீக் வரையறுத்தது. ஹாடிக்ஸ் பெயர் பட்டியலிலிருந்து போனது. விதி என்று பார்த்தால் சரி. ஆனால் ஒன்பது இன்னிங்ஸ் சுத்தமாக எறிந்தவருக்கு உள்ள இடம் பன்னிரண்டு எறிந்தவருக்கு இல்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்த வருடம், 1960 அக்டோபர் 13. இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், எதிரே நியூயார்க் யாங்கீஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் பைரேட்ஸ் முன்னிலையில் இருக்கும்போது ஹாடிக்ஸ் உள்ளே வந்தார், யாங்கீஸ் 9–9 என்று சமன் செய்துவிட்டார்கள். ஒரே ஒரு இன்னிங்ஸ்தான் எறிந்தார். பிறகு பில் மாசெரோஸ்கி ஹோம் ரன் அடித்து 10–9 என்று முடித்தார். வென்ற பிட்சர் என்ற இடத்தில் ஏட்டில் எழுதியிருக்கும் பெயர்: ஹார்வி ஹாடிக்ஸ்.