செஸ் அரங்கின் வாசலில் நிற்பவர்கள்

நடுவர் அவர்களே, பெரியோர்களே, போர்டைச் சுருட்டி வைத்துவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். போட்டியில் நேர்மையாக ஆடப் பிள்ளைக்குக் கற்றுத்தருவது பயிற்சியாளரா, பெற்றோரா? பெற்றோரே என்று பேச வந்திருக்கிறோம்.

"விதிப்புத்தகம் இருக்கிறது, சொல்லித்தர கோச் இருக்கிறார், தப்பைப் பிடிக்க ஆர்பிட்டர் இருக்கிறார், அப்பா அம்மாவுக்கு அங்கே என்ன வேலை?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். செஸ் நடுவரை நானும் ஆர்பிட்டர் என்றே சொல்கிறேன். நடுவர் என்ற சொல் இந்த மேடையில் உங்களுக்கு உரியது.

அந்த விதியையே பார்ப்போம். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். கட்டத்தில் சரியாக வைப்பதற்காகத் தொடுவதென்றால், தன் முறை வரும்போது, தொடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வயதுப் பையன் ராணியைத் தொடுகிறான். எங்கே நகர்த்தினாலும் வெட்டுப்படும் என்று அப்போதுதான் தெரிகிறது. கையை இழுத்துக்கொண்டு "அட்ஜஸ்ட்தான் பண்ணேன்" என்கிறான். எதிரே இருக்கும் சிறுமி கையைத் தூக்குகிறாள். வரிசை வரிசையாகப் பல போர்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்பிட்டர் ஓடி வருகிறார். அவர் பார்க்கவில்லை, சாட்சியும் இல்லை. விதிப்புத்தகம் இனி என்ன செய்யும்? "ஆமா சார், தொட்டேன்" என்று அந்தப் பையன் சொன்னால்தான் உண்டு.

சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1994-ல் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியில், உலக சாம்பியன் காஸ்பரோவ் 17 வயது ஹங்கேரி வீராங்கனை ஜூடித் போல்காருக்கு எதிராகக் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்தார். பிறகு மனம் மாறி வேறு கட்டத்துக்குக் கொண்டுபோனார். வைத்த காயை விட்டு விரல் விலகிவிட்டால் அதை வேறு கட்டத்துக்கு மாற்றக் கூடாது. இடையில் கால் விநாடி விரல் விலகியிருந்தது வீடியோவில் தெரிந்தது. போல்கார் அப்போது முறையிடவில்லை. ஆட்டம் தொடர்ந்தது, காஸ்பரோவ் வென்றார். அந்த மட்டத்திலேயே இப்படி என்றால், மாவட்டப் போட்டியில் ஆர்பிட்டர் ஒருவரை மட்டும் நம்பி உட்கார முடியுமா?

உண்மையைச் சொல்லித் தோற்றால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைத்தான் அந்தப் பையன் அந்த நொடியில் யோசிக்கிறான். அதைத் தீர்மானிப்பது யார்?

இப்போது வாசலுக்கு வாருங்கள். பிள்ளை வெளியே வந்ததும் நம் முதல் கேள்வி "வின்னா, லாஸா?" என்பதுதான். அழுதால் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு ஆர்பிட்டரிடம் பாய்கிறோம். "அவ ஒரு காயைத் தொட்டுட்டு வேற காயை ஆடினா, நீங்க கேக்கவே இல்ல!" நம் பிள்ளை தன் காயைத் தொட்டு அடுத்த நகர்வை ஆடியிருந்தால் முறையிடும் உரிமை அப்போதே போயிற்று. கடிகாரத்தை நிறுத்திக் கை தூக்குவதெல்லாம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். "அவனுக்கு மட்டும் ஏன் ரெண்டு நிமிஷம் கூட்டினீங்க?" நம் பிள்ளை விதிக்குப் புறம்பான நகர்வு ஆடியிருக்கிறான். அதற்கு எதிராளிக்கு 2 நிமிடம் சேரும், இரண்டாம் முறை ஆடினால் ஆட்டமே போகும்.

எல்லாவற்றையும்விட வேதனையானது கைகுலுக்கல். ஒரு பிள்ளை டிரா என்று நினைத்துக் கை கொடுக்கிறது, மற்றது வெற்றி என்று எழுதுகிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. "டிராவா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டுக் கை கொடு, தாளில் முடிவைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்று வீட்டில் நாலு தடவை பழக்கினால் தீர்ந்தது.

கத்திய பிறகு நம் மேல்தான் தப்பு என்று தெரிகிறது. பலர் அப்படியே நழுவிவிடுகிறோம். இரவில் வாட்ஸ்அப்பில் "சாரி சார்" போட்டால் போதாது. கத்தியதைப் பிள்ளை பார்த்தது, மன்னிப்புக் கேட்பதையும் அது பார்க்க வேண்டும். அடுத்த ரவுண்டில் யாரோடு யார் ஆடுவது என்று பேரிங் போடும் அவசரத்தில் போய் நிற்காமல், ஆர்பிட்டர் சற்று ஓய்ந்ததும் போங்கள். "சார், நான் கத்தினது தப்பு. விதி எனக்குத் தெரியல. மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான். "ஆனா நீங்களும்..." என்று நீட்டினால் பழைய சண்டையே திரும்பும். நம் சத்தத்தில் மிரண்ட அந்தச் சிறுமியிடமும், அவள் பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது, ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

பிள்ளை முன் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்றார் எதிரணி நண்பர். ஒரு காட்சியை மட்டும் அவர் முன் வைக்கிறேன். இரவு தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. பையன் தலை நிமிராமல், "அப்பா, நான் ராணியைத் தொட்டேன்" என்கிறான். அடிக்கக் கை ஓங்கினால் இனி எதையும் சொல்ல மாட்டான். "சொன்னியே, நல்லது கண்ணா. காலையில ஆர்பிட்டர்கிட்டயும் அந்தப் பாப்பாகிட்டயும் போய்ச் சொல்லுவோம், நானும் கூட வரேன்" என்றால் மறுநாள் போய் நிற்பான். கையெழுத்தான முடிவு பெரும்பாலும் மாறாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போக வேண்டும்.

எதிரணியினர் எனக்கு ஒன்று மட்டும் சொல்லட்டும். அந்தச் சாப்பாட்டு நேரத்தில் கோச் எங்கே இருந்தார்?

நன்றி, வணக்கம்.