வலது பாதம்

நேயர்களுக்கு வணக்கம். நான் மயக்க மருந்து மருத்துவர். பல வருடங்களாக வாரத்தில் மூன்று நாள் காலையில் எனக்கு மனநலப் பிரிவில் வேலை. "தலைக்குக் கரண்ட் வைக்கிறது" என்று ஊரில் சொல்கிறோமே, அந்த மின் அதிர்ச்சி சிகிச்சை அறையில்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் கண்ணில் ஓடுவதெல்லாம் சினிமாக் காட்சிதான். கை காலைக் கட்டிப்போட்டு, ஆள் அலற அலற... அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற மருத்துவர்கள் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து கொடுக்கவில்லை. மின்சாரத்தால் வலிப்பு வந்த வேகத்தில் எலும்பு முறிந்தவர்களும் உண்டு. இன்று மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் இதைச் செய்யவே கூடாது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கடுமையான மனச்சோர்வு. "என் குடலே அழுகிப்போச்சு, சோறு போட்டா எங்க போகும்?" என்று சாப்பாட்டையே விட்டுவிட்டார். மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த உடம்பு தாங்காது. மகன் கையெழுத்துப் போடும் முன் கேட்டார்: "டாக்டரம்மா, அம்மா துடிச்சிருவாங்களா?"

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அம்மா தூங்கியதும் வலது கணுக்காலுக்கு மேலே பிபி பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இறுக்குவோம். பிறகுதான் தசை தளர மருந்து. பட்டைக்குக் கீழே அந்த மருந்து போகாது. சில நொடி மின்சாரம், அவ்வளவுதான். உடம்பு அசையாமல் கிடக்கும். வலது பாதம் மட்டும் விசுக் விசுக்கென்று துடிக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். மூளைக்குள் வலிப்பு வந்து போனதற்கு அந்தப் பாதம்தான் சாட்சி. ஆமாம், குணம் தருவது அந்த வலிப்புதான். மின்சாரம் அதைக் கிளப்பிவிடுகிறது, அவ்வளவே.

நான்காவது தடவை முடிந்து கண் விழித்தார். மகனைப் பார்த்தார். "எருமை கன்னு போட்டுச்சாடா?"

அந்தப் பையன் அழுத அழுகையை என்னால் மறக்க முடியவில்லை. எருமை கன்று போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வீட்டில் சொன்னபோது அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அன்று மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டார்.

மறுநாளும் அதே கேள்வியைக் கேட்டார். அதற்கடுத்த நாளும். இதையும் சொல்லியாக வேண்டும்: நினைவு தடுமாறும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தெளியும். சிலருக்கு, சிகிச்சையை ஒட்டிய நாட்களின் நினைவு திரும்பாமலே போகும். கையெழுத்து வாங்கும்போதே மருத்துவர் இதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சையும் இருக்கிறது. மயக்கம் வேண்டாம், விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தே செய்துகொள்ளலாம். அதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அதைவிட அவசரமாக இரண்டு விஷயம். ஆறு முதல் பன்னிரண்டு தடவை முடிந்து ஆள் தேறியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பிவிடும். சிகிச்சை நாளன்று விடிகாலையில், பாவம் பசிக்குமே என்று ஒரு வாய் காபிகூடக் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். முடிந்து வந்ததும், எங்களைக் கேட்டுவிட்டு, தாராளமாகக் கொடுங்கள். வணக்கம்.